நிறத்துக்கு முதல் பெயர்

படம் எடுக்கிற நாலு பேர் கூடினால் கதை போவது லென்ஸ், வெளிச்சம், கலர் எண்டுதான். எந்தப் பிரிசெட் நல்லது, தோல் நிறம் ஏன் மஞ்சளடிக்குது, வானத்தை எவ்வளவு இருட்டாக்கலாம் எண்டு விடிய விடியக் கதைப்போம். கதைக்க வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் அந்தக் கதைகளுக்குள் வராத ஒரு கேள்வி இருக்கு. இண்டைக்கு எடுத்த படம் பத்து வருஷம் கழித்து இன்னொருவர் கையில் கிடைத்தால், அதில் நிற்கிறது ஆர், எந்த ஊர், ஆர் எடுத்தது எண்டு அவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கான பதில், நாங்கள் பாவிக்கிற இரண்டு வகை மென்பொருள்களை எப்படி இணைக்கிறோம் எண்டதில் இருக்கு. ஒன்று றோ எடிட்டர்: கமரா பதிந்த மூலத் தரவைப் படமாக்கித் தருவது. லைட்ரூம், கப்சர் வன், டார்க்டேபிள், றோதெரபி எல்லாம் இந்த வகை. மற்றது கற்றலொக் மென்பொருள்: எந்தப் படம் எங்கே கிடக்கு, அதில் என்ன இருக்கு எண்டு நூலகப் பட்டியல் மாதிரி வைத்திருப்பது. இலவசமாகக் கிடைக்கிற டிஜிகாம் அப்படியான ஒன்று. லைட்ரூம் இரண்டு வேலையையும் தானே செய்யும். அதனாலேயே கனபேருக்கு இரண்டும் வேறு வேறு வேலை எண்ட நினைப்பே வாறதில்லை.

எங்கட நிலைப்பாடு இதுதான்: படத்தில் இருக்கிற ஆட்களின் பெயரும் ஊரும் ஒரு மென்பொருளின் வயிற்றுக்குள் மட்டும் கிடக்கக் கூடாது. படத்துக்குப் பக்கத்தில், எந்த மென்பொருளும் வாசிக்கக்கூடிய திறந்த கோப்பில் இருக்க வேணும். அதை எடிட் தொடங்க முதலே எழுத வேணும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ இளம் ஆக்கள் அங்கே போய்ப் படம் எடுத்திருக்கினம். ஒரு அம்மா, அவரின் கையில் ஒரு படம். அந்த றோ கோப்பை இண்டைக்குத் திறந்தால் கமரா எழுதி வைத்தது எல்லாம் தெரியும்: நாள், நேரம், ஷட்டர் வேகம், லென்ஸ். அந்த அம்மா ஆர், அவரின் கையில் இருக்கிற படத்தில் சிரிக்கிற பெடியன் ஆர் எண்டு கமராவுக்குத் தெரியாது. காத்திருந்த பெற்றோர் பலர் இப்போது உயிரோடு இல்லை. பிறகு கேட்கலாம் எண்டு தள்ளி வைத்த கேள்விக்கு இனிப் பதில் சொல்ல ஆளில்லை.

"நான் லைட்ரூமில எழுதித்தானே வைச்சிருக்கிறன்" எண்டு சிலர் சொல்லலாம். நல்லது. ஆனால் அது எங்கே எழுதப்படுது எண்டு ஒருக்கால் பாருங்கோ. லைட்ரூம் கிளாசிக் நீங்கள் எழுதுவதை முதலில் தன்ர கற்றலொக் கோப்புக்குள்தான் போடும். படத்துக்குப் பக்கத்தில் தானாக எழுதுகிற வசதியும் அதில் இருக்கு. ஆனால் நாங்களாகப் போய் அமைப்புகளில் அதை இயக்க வேணும். இயக்காமல் படங்களை மட்டும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணிக் கொடுத்தால், போய்ச் சேருவது பெயரில்லாத படங்கள்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. ஆப்பிள் 2005இல் அப்பேச்சர் எண்ட மென்பொருளை வெளியிட்டது. 2014இல் அதை இனி வளர்க்கப் போவதில்லை எண்டு அறிவித்தது. 2019இல் வந்த மக் இயங்குதளத்தில் அது திறக்கவே இல்லை. கூகிள் 2016இல் பிக்காசாவை நிறுத்தியது. லைட்ரூமுக்குச் சந்தா கட்டாமல் விட்டால் பட்டியலைப் பார்க்கலாம், ஆனால் டெவலப் பகுதி பூட்டப்படும். கிராக் பண்ணின வேர்ஷனை நம்பி இருக்கிறவைக்கு அந்த உத்தரவாதமும் இல்லை; ஒருநாள் விண்டோஸை போர்மட் அடித்தால் கதை முடிஞ்சுது.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கு. அடோபி 2001இல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி எண்ட முறை 2012இல் ஐ.எஸ்.ஓ நியமமாக ஆனது. றோ கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரோடு ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கும். சைட்கார் எண்டு சொல்வார்கள், மோட்டார் சைக்கிளோடு ஒட்டி ஓடுகிற பெட்டி மாதிரி. தலைப்பு, குறிப்பு, குறிச்சொற்கள், எடுத்தவர் பெயர், நட்சத்திர மதிப்பு எல்லாம் அதற்குள் போகும். மூலப் படத்தில் கை படாது. எந்த மென்பொருளும் இல்லாவிட்டாலும் நோட்பாட்டில் திறந்து வாசிக்கலாம்.

ஆனால் ஒரு எல்லையை விளங்கிக்கொள்ள வேணும். ஒரு எடிட்டரில் இருந்து இன்னொரு எடிட்டருக்கு நம்பிக்கையாகப் போவது சொற்கள்தான். நிறம் அப்படிப் போகாது. லைட்ரூமில் நீங்கள் இழுத்த ஸ்லைடருக்கும் டார்க்டேபிளில் இருக்கிற ஸ்லைடருக்கும் பின்னால் ஓடுவது வேறு வேறு கணக்கு. அதனால் "எடிட்டையும் சேர்த்து மாத்திக் குடுக்கிற ஒரு மந்திரம் இருக்கா?" எண்டு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முடித்த படத்தை டிஃப் அல்லது நல்ல தரத்தில் ஜேபெக் ஆக வெளியே எடுத்து, மூலப் படத்தோடு சேர்த்து வையுங்கோ. அதுதான் உங்கட எடிட்டின் நிலையான பிரதி.

நாங்கள் சிபாரிசு செய்கிற ஒழுங்கு இது. முதலில், மெமரி கார்ட்டில் இருந்து கொப்பி பண்ணேக்கயே வருஷம், நாள் எண்டு போல்டர் போட்டு, கோப்புப் பெயரையும் நாள், எடுத்தவரின் முதலெழுத்து, இலக்கம் எண்டு மாற்றுங்கோ. எந்த மென்பொருளும் படத்தைக் காண முதல் இது முடிய வேணும். பிறகு வெளியில் நின்று பெயரை மாற்றினால் சைட்காரும் படமும் ஒன்றையொன்று தவறவிடும்.

இரண்டாவது, டிஜிகாமில் அந்தப் போல்டரைத் திறந்து குறிப்பு எழுதுங்கோ. அதற்கு முன், அமைப்புகளில் சைட்காரை வாசிக்கவும் சைட்காருக்கு மட்டும் எழுதவும் சொல்லி வையுங்கோ. எல்லாப் படத்துக்கும் ஒரே தடவையில் போடக்கூடியது ஊர், நிகழ்வு, எடுத்தவர். ஒவ்வொன்றாகப் போட வேண்டியது ஆட்களின் பெயர். நூறு படம் எடுத்தால் நூறுக்கும் எழுதத் தேவையில்லை. நட்சத்திரம் போட்டுத் தெரிந்த பத்துக்கு எழுதினால் போதும்.

மூன்றாவது, தெரிந்த படங்களை மட்டும் எடிட்டரில் திறவுங்கோ. இந்தக் கட்டத்துக்கு ஒரு கட்டாய விதி: சொற்களை எழுதுவது கற்றலொக், நிறத்தை எழுதுவது எடிட்டர். டிஜிகாமும் டார்க்டேபிளும் ஒரே பெயருள்ள சைட்காரைத்தான் தொடும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து இரண்டிலும் குறிச்சொல் எழுதினால், ஒன்று எழுதியதை மற்றது அழிக்கலாம். குழுவில் ஒருவர் லைட்ரூம் பாவித்தால் இன்னொரு சிக்கல். லைட்ரூம் கோப்புப் பெயரின் வாலை வெட்டிவிட்டு எக்ஸ்.எம்.பி எண்டு போடும். மற்ற இரண்டும் வாலையும் வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் போடும். டிஜிகாமில் லைட்ரூமின் முறைக்கு மாற்றுகிற தெரிவு இருக்கு. குழுவாக வேலை செய்கிறவை எந்த முறை எண்டு முதல் நாளே முடிவெடுக்க வேணும்.

தமிழில் எழுதுவது பற்றியும் சொல்ல வேணும். எக்ஸ்.எம்.பி யூனிகோட்டைப் பாவிப்பதால் தமிழ் பிரச்சினையில்லாமல் இருக்கும். செய்தி நிறுவனங்களுக்காக வந்த பழைய ஐ.பி.ரி.சி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யூனிகோட்டில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகும். அந்தக் கணக்கில் "காணாமல் ஆக்கப்பட்டோர்" எண்டு எழுதவே 61 பைட். பக்கத்தில் "போராட்டம்" சேர்த்தால் இடம் காணாது. பழைய முறையை விட்டுச் சைட்காருக்கு வர இது ஒன்றே போதுமான காரணம். எழுத்தொழுங்கும் முக்கியம். ஒருவர் "யாழ்", ஒருவர் "யாழ்ப்பாணம்", இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றும் வேறு வேறு ஊராகிவிடும். குழுவுக்கு ஒரு பக்கத்தில் பொதுக் குறிச்சொல் பட்டியல் வேணும்.

இனி, பெயர் எழுதச் சொல்லும்போதே எழுகிற பயத்தைக் கதைப்போம். போராட்டத்தில் நிற்கிற ஒருவரின் பெயரைப் படத்தோடு எழுதுவது அவருக்கே ஆபத்தாகலாம். எங்கட மண்ணில் இது கற்பனைப் பயம் இல்லை. ஆனால் அதற்குத் தீர்வு பெயரை எழுதாமல் விடுவது இல்லை எண்டு நினைக்கிறோம். கேட்டு, சம்மதத்தோடு எழுதி, சைட்காரை எங்களிடம் வைத்துக்கொண்டு, வெளியே போகிற ஜேபெக்கில் பெயரை எடுத்துவிடலாம். லைட்ரூமின் எக்ஸ்போர்ட் பகுதியில் ஆட்களின் தகவலையும் இடத்தையும் நீக்கும் தெரிவுகள் இருக்கு. டார்க்டேபிளிலும் எந்தத் தகவல் வெளியே போகலாம் எண்டு தெரிவு செய்யலாம். பெயர் கோப்புக்கு வெளியே தனியாக இருப்பதால்தான் எதைக் கொடுப்பது, எதை மறைப்பது எண்ட முடிவு எங்கட கையில் இருக்கும். சைட்கார்கள் இருக்கிற டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதும் எங்கட பொறுப்பு. சம்மதம் இல்லை எண்டு சொன்னவரின் பெயர் எங்கேயும் வரக் கூடாது.

"தனி ஆளுக்கு ஏன் இவ்வளவு சிரமம்? லைட்ரூம் ஒன்றே போதுமே" எண்ட வாதத்தில் நியாயம் இருக்கு. கல்யாண வீடு எடுத்து அடுத்த கிழமை அல்பம் கொடுக்கிற ஒருவருக்கு ஒரே மென்பொருள் வேகமானது. அவரும் அந்தத் தானாக எழுதுகிற தெரிவை மட்டும் இயக்கினால் பாதி வேலை முடிந்தது. "இப்ப ஏஐ முகத்தைக் கண்டுபிடிக்குதே" எண்டும் சொல்கிறார்கள். டிஜிகாமிலும் முகம் அறிகிற வசதி இருக்கு, நல்ல உதவி. ஆனால் ஒரு முகம் எந்தெந்தப் படங்களில் வருகிறது எண்டுதான் அது சொல்லும். அந்த முகத்துக்கு முதல் தடவை பெயர் வைக்க ஒரு மனிசர் வேணும்.

யாழ் நூலகம் 1981இல் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்கள். ஆவணம் அழிந்தால் என்ன ஆகும் எண்டு ஒருவரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. இண்டைக்கு எங்கட ஹார்ட் டிஸ்க்குகளில் ஆயிரக்கணக்கில் படம் கிடக்கு. ஒருவரும் எரிக்கவில்லை, ஆனாலும் ஆர் எவர் எண்டு தெரியாமல் அவை மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய ஏலாது. இந்தக் கிழமை ஒரு போல்டரை மட்டும் எடுங்கோ, மிகப் பழையதை. அதில் பத்துப் படத்தைத் தெரிவு செய்து, லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அந்த ஊரில் இருக்கிற ஒரு அம்மம்மாவிடமோ மாமாவிடமோ போய், "இதில நிக்கிறது ஆர்?" எண்டு கேளுங்கோ. அவை சொல்லச் சொல்ல அதிலேயே எழுதுங்கோ. கலரைப் பிறகு பாக்கலாம்.