விற்ற பொருள் வாபஸ் இல்லையா?

"விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது." துணிக்கடை, செருப்புக்கடை ரசீதுகளின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்களே, அந்த வாசகத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரசீதுப் புத்தகம் போய்விட்டது. வாசகம் போகவில்லை. அது இப்போது செல்போனுக்குள் குடியேறி இருக்கிறது. அங்கேயும் பொடி எழுத்துதான். போதாக்குறைக்கு இங்கிலீஷ்.

நீலசந்திராவில் இன்று வீடியோ கேம் விளையாடாத பையன் உள்ள வீடு அபூர்வம். பலர் போனில் விளையாடுகிறார்கள். சில வீடுகளில் கம்ப்யூட்டரும் பிளேஸ்டேஷன் பெட்டியும் உண்டு. முன்பெல்லாம் விளையாட்டு என்றால் கடையில் வாங்கும் ஒரு தட்டு. அது ஓடாவிட்டால் மறுநாளே கையோடு கொண்டு போய்க் கடைக்காரரிடம் சண்டை போடலாம். இப்போது தட்டும் இல்லை, கடைக்காரரும் இல்லை. விரலால் தட்டினால் வங்கிக் கணக்கில் இருந்து பணம் போய்விடுகிறது.

பணம் போன பிறகுதான் வினை தெரிகிறது. அந்த விளையாட்டை ஓட்டும் சக்தி போனுக்கு இல்லை. அல்லது விளம்பரத்தில் கண்டது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. அல்லது தகப்பனாருக்குத் தெரியாமலே பிள்ளை வாங்கி இருக்கிறான். அடுத்து நடப்பது என்ன? பையனுக்கு முதுகில் இரண்டு அடி. "போனது போகட்டும்" என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளின் புது விளையாட்டு 3 ஆயிரம், 5 ஆயிரம் ரூபாய் என்று விற்கிறது. அன்றாடம் கூலி வாங்கும் வீட்டில் 500 ரூபாயே சிறு தொகை அல்ல. அதை ஏன் போகட்டும் என்று விட வேண்டும்?

(பணம் வைத்து ஆடும் ரம்மி போன்ற ஆட்டங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. நாம் சொல்வது, விலை கொடுத்து நேர்மையாக வாங்கும் விளையாட்டைப் பற்றி.)

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளுக்கோ சேவைக்கோ வாங்கிய பணத்தை, ரசீதில் சொன்ன கெடுவுக்குள் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது அந்தச் சட்டம். ரசீதில் கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள். அதே மாதத்தில் வந்த மின்னணு வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கண்ணால் காண முடியாத டிஜிட்டல் பொருள்களும் தங்களுக்குள் அடக்கம் என்று அவை வெளிப்படையாகவே கூறுகின்றன. கம்பெனி வெளிநாட்டில் இருந்தாலும், இந்திய மக்களிடம் தொடர்ந்து வியாபாரம் செய்தால் அதற்கும் இவை பொருந்தும். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்றால் பணத்தைத் தர மறுக்கக் கூடாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதற்கென உள்ள அதிகாரி ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பரிகாரம் காண வேண்டும்.

ஆனால் ஒன்று. "வாங்கினேன், பிடிக்கவில்லை" என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. அது கம்பெனியின் தயவு. அந்தத் தயவு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகிறது. கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் 'ஸ்டீம்' கடையில், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடி இருந்தால், காரணம் எதுவானாலும் பணம் வாபஸ். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் உண்டு. ஆனால் விளையாட்டை இறக்கத் தொடங்கிவிட்டால், அதில் பழுது இருந்தால் ஒழிய, அந்த உரிமை போய்விடும். போனில் உள்ள கூகுள் பிளேயில் 48 மணி நேரம். அது தாண்டினால் விளையாட்டைத் தயாரித்தவரிடம் போய்க் கேள் என்கிறார்கள்.

இந்த 48 மணி நேரம்தான் ஏழை வீட்டுக்கு எமன். திங்கட்கிழமை பிள்ளை வாங்குகிறான். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் தகப்பனார், ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்க்கும்போதுதான் பணம் குறைந்திருப்பதைக் காண்கிறார். கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இப்படி ஒரு கெடு இருந்ததை அவருக்குச் சொன்னவர் யார்? "வாங்கு" என்ற பொத்தான் மட்டும் பளபளவென்று பெரிதாக இருக்கிறது. "திருப்பிக் கொடு" என்பதற்கு நாலு கதவு திறந்து உள்ளே போக வேண்டும். இந்தக் கெடுவைப் பணம் கட்டும் இடத்திலேயே, கட்டுவதற்கு முன்பே, கன்னடத்திலும் தமிழிலும் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

கம்பெனிகள் தாமாக இறங்கி வருவார்கள் என்று எதிர்பார்ப்பதில் பயன் இல்லை. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். ஸ்டீமை நடத்தும் 'வால்வ்' கம்பெனி அந்நாட்டு மக்களிடம் "பணம் வாபஸ் கிடையாது" என்று சொல்லி வந்தது. 2014-ல் அந்நாட்டின் நுகர்வோர் ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. "நாங்கள் அமெரிக்கக் கம்பெனி, உங்கள் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. கோர்ட்டு ஏற்கவில்லை. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. மேலே சொன்ன 14 நாள் வசதியை ஸ்டீம் கொண்டு வந்தது 2015 ஜூனில், அதாவது வழக்கு நடந்து கொண்டிருந்தபோது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதைக் கம்பெனிதான் சொல்ல வேண்டும்!

அமெரிக்காவிலும் இதே கதை. 'போர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கம்பெனி, குழந்தைகள் ஒரு பொத்தானைத் தட்டியதுமே பெற்றோர் அனுமதி இல்லாமல் பணம் எடுத்தது என்பது அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. வங்கி மூலம் ஆட்சேபித்தவர்களின் கணக்கையே பூட்டிவிட்டார்கள் என்றும் ஆணையம் சொன்னது. 2022 டிசம்பரில் 24 கோடியே 50 லட்சம் டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர எபிக் சம்மதித்தது.

விற்பவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. விளையாட்டை முழுக்க ஆடி முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 'சம்மர் ஆப் 58' என்ற சிறு விளையாட்டைத் தயாரித்தவர் 2021-ல் தொழிலில் இருந்தே ஒதுங்குவதாக அறிவித்தார். அவருடைய விளையாட்டு 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பலர் முடித்துவிட்டுப் பணத்தை வாபஸ் வாங்கிக் கொண்டார்கள். சாப்பிட்டு ஏப்பம் விட்டபின் ஓட்டலில் காசைத் திருப்பிக் கேட்பது போன்றது இது. நம் ஊர் இளைஞர்கள் பலர் விளையாட்டுத் தயாரிப்பில் இறங்கி இருக்கும் காலம். அவர்கள் வயிற்றில் அடிக்க நாம் சொல்லவில்லை. கெடு இருக்கட்டும். அது நியாயமாகவும், கண்ணுக்குத் தெரியும்படியும் இருக்கட்டும்.

இதைச் செய்ய வேண்டியது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். அதற்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. 2024 அக்டோபரில் பெங்களூர்க் கம்பெனியான ஓலாவை, பணம் வாபஸ் என்றால் கூப்பன் மட்டும் போதாது, வங்கிக் கணக்கில் பெறும் வாய்ப்பும் தர வேண்டும் என்று பணித்தது. 2025 ஆகஸ்டில் இன்னொரு பெங்களூர்க் கம்பெனியான ராபிடோவுக்கு, '5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய்' என்ற விளம்பரத்துக்காக 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஏமாந்தவர்களுக்கு 50 ரூபாயைத் தரவும் சொன்னது. 50 ரூபாய்க்கு இத்தனை அக்கறை காட்டிய ஆணையம், 500-ம் 5 ஆயிரமுமாகக் கறக்கும் விளையாட்டுக் கடைகளின் பக்கம் கண்ணைத் திருப்பக் கூடாதா? வாடிக்கையாளரை மயக்கிச் சிக்க வைக்கும் திரை வேலைகளில் 13 வகையைத் தடுத்து 2023 நவம்பரில் நெறிமுறைகளும் வந்திருக்கின்றனவே!

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியது இல்லை. முதலில் கெடுவுக்குள் கம்பெனியிடம் கேளுங்கள். பணம் போன குறுஞ்செய்தி, ரசீது, கம்பெனியின் பதில் எதையும் அழித்துவிட வேண்டாம். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. நீலசந்திராக்காரர்களுக்கு ஆணையம் தொலைவும் இல்லை, சாந்திநகர் கே.எச். ரோட்டில் உள்ள பி.எம்.டி.சி. கட்டிடத்தில் இருக்கிறது. வேலையை விட்டுப் போக முடியாதவர்கள் 'இ-ஜாக்ரிதி' மூலம் வீட்டில் இருந்தே மனு போடலாம்.

அதற்கும் முன்னால், 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் செய்து பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையம் அது. இங்கிலீஷ் தெரியாது, கன்னடம் எழுத வராது என்று தயங்க வேண்டாம். அங்கே தமிழிலேயே பேசலாம்.