மகஜரும் மானியமும்

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் தமிழ் கற்பிக்கும் எம்போன்ற ஆசிரியர்களுக்குப் பாடவிதானத்தில் எழுதப்படாத தொழில் ஒன்று உண்டு. மகஜர் எழுதுவதே அது. மாலையில் கடைசி மணி அடித்து, பிள்ளைகள் கலைந்து போனபின், வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் நான்காக மடித்த வெள்ளைத் தாள் இருக்கும். 'சேர், பாலத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தரணும்' என்பார். 'கனம் அமைச்சர் அவர்களுக்கு' என்று தொடங்கி, 'தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்' என்று முடிக்க நாம் நன்றாகப் பழகியிருக்கின்றோம். பல்கலைக்கழகத்தில் நாம் கற்ற தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும் எதற்குப் பயன்பட்டனவோ, பணிவுச் சொற்களை வரிசையாக அடுக்குவதற்குப் பயன்பட்டன.

அந்தப் பாலம் பெரிய பாலமன்று. லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் வழியில் ஓர் ஓடையின்மேல் போட்ட நான்கு கொங்கிறீட் பலகைகள். அவற்றில் இரண்டு மழைக்காலம் ஒன்றில் அடித்துச் செல்லப்பட்டன. மழை வலுத்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் வரவில்லை என்று வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையால் நாமே குறிப்போம். மகஜர் முதலில் பிரதேச சபைக்குப் போயிற்று. இது தோட்டத்துப் பாதை, தோட்ட நிருவாகத்தைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. நிருவாகம், நிலம் எமக்குக் குத்தகைக்கே தரப்பட்டது, அமைச்சைக் கேளுங்கள் என்றது. அமைச்சிலிருந்து பதிலே இல்லை. இறுதியில் அனுபவசாலி ஒருவர் வழி சொன்னார்: எம்.பி.யைப் பிடியுங்கள், அவருடைய பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஏதாவது கிடைக்கும். நான்கு கொங்கிறீட் பலகைகளுக்கு நான்கு வாசல்கள்! ஒவ்வொரு வாசலிலும் எமது தமிழ் சற்று மேலும் குனிந்தது.

இது ஏதோ ஓர் அலுவலரின் சோம்பல் என்று எண்ணுவோர் உண்மையை அறியாதவர். இந்த அலைக்கழிப்புக்குச் சட்டமே துணைநின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. வேடிக்கை என்னவெனில், பயிர்செய்யும் பெருநிலங்கள்மீது ஏக்கர் வரி விதிக்க அதே சட்டம் சபைகளுக்கு அதிகாரம் தந்திருந்தது. நிலத்தை வரிப்பதிவேடு அறியும். அந்த நிலத்தில் கொழுந்து கிள்ளும் மனிதரைச் செலவுப் பதிவேடு அறியாது! சபைக்கான தேர்தலில் தோட்டத் தொழிலாளி வாக்களித்தார். அவர் அனுப்பிய உறுப்பினர் சபையிலே அமர்ந்தார். ஆனால் அந்த வாக்காளரின் வாசலுக்கு ஒரு கான் வெட்ட அவர் எழுப்பிய பிரேரணையைச் சட்டம் மறித்தது. 31 ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

இதன் வேர் இன்னும் பழையது. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோதே, தோட்டத்துக் குடியிருப்பில் வாழும் தொழிலாளி அச்சபைகளுக்கு வாக்களிக்கத் தகுதியற்றவர் ஆக்கப்பட்டார். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவரை நாட்டிலேயே அந்நியர் ஆக்கியது. வாக்குரிமை போன பாதையை ஆராயும் நூல்கள் பல உண்டு. பாலமும் கானும் மலசலகூடமும் போன பாதையை எழுதியவர் மிகச் சிலரே. எம் எழுத்தாளர்களுக்கு அது இலக்கியப் பொருளாகத் தோன்றவில்லை போலும்.

சரி, தோட்டம்தான் தீண்டாப் பொருளாயிற்று. நகரமாவது நிமிர்ந்து நிற்கின்றதா? கண்டி மாநகர சபை 1865இல் தோன்றியது. கொழும்பு மாநகர சபையுடன் ஒரே ஆண்டில் பிறந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1867இல், கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகக் கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். மலையின் உழைப்பு நகரத்தை ஊராக்கியது, ஊரைத் தலைப்பட்டினமாக்கியது. இத்தனை மூத்த சபையும் இன்று சோலைவரியையும் கடைவாடகையையும் கொண்டு அன்றாடத்தை ஓட்டிக்கொண்டு, பெரிய வேலை எதுவாயினும் கொழும்புத் திறைசேரியின் வாசலிலேயே நிற்கின்றது. நாம் லயத்துக்காக எழுதும் மகஜரை, நகர முதல்வர்கள் சற்று நல்ல தாளில் எழுதுகின்றார்கள். வேறுபாடு அவ்வளவே.

2014இல் கண்டிக்கும் காலிக்குமாக உலக வங்கி 147 மில்லியன் டொலர் கடனுக்கு இசைந்தது. நகரத்தின் கழிவுநீரைக் கன்னொறுவைக்குக் கொண்டு சென்று சுத்திகரிக்கும் திட்டம் யப்பானியக் கடனில் எழுந்தது. இவை வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. வாவியிலிருந்து நகரின் அடிவயிற்றால் ஓடி மகாவலியிற் கலக்கும் மெத எலவின் நாற்றத்தை மூக்கால் அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். எமது கேள்வி வேறு. அக்கடனைப் பெற்றவர் யார்? கொழும்பு. எதை முதலிற் செய்வதென்று தீர்மானித்தவர் யார்? கொழும்பின் அமைச்சுகளும் கடன் கொடுத்தோரின் நிபுணர்களும். அடைப்பவர் யார்? சீனியும் மாவும் வாங்கும்போது மறைமுக வரி செலுத்தும் அனைவரும், லயத்துக் கிழவி உட்பட. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனை அடைக்க முடியாதென்று அறிவித்தபோது, எந்தத் தெருவின் வேலை நடக்கும், எது நிற்கும் என்பதைக் கண்டி மாநகர சபையாற் சொல்ல முடிந்ததா? கேட்டு வாங்கியவருக்கு அந்தத் தகுதி எப்படி வரும்?

நகரத்துக்குள்ளேயே ஒரு தோட்டம் உண்டு. அதன் பெயர் மஹியாவ. ஆங்கிலேயர் காலத்தில் நகரைத் துப்புரவு செய்யக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றார்கள். தலைமுறை தலைமுறையாகத் தலதா வீதியையும் வாவிக்கரையையும் பெருக்கியவர்கள் அவர்கள். எசல பெரஹராவின் மறுநாட் காலையில் யானைகளின் எச்சத்தையும் இலட்சம் பேர் எறிந்த குப்பையையும் அள்ளுபவர்கள். யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த நகரத்தின் அழகு அவர்களுடைய விளக்குமாற்றில் இருக்கின்றது. அவர்களின் வீடுகளோ ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன; மகன் மணம் முடித்தால் சுவரில் ஒரு தடுப்பு எழும். இங்கே 33ஆம் பிரிவு தடுக்கவில்லை. கம்பனி இல்லை. துரை இல்லை. சபையே முதலாளி, சபையே வீட்டுக்காரர். அப்படியிருந்தும் கடன் விண்ணப்பங்களின் வரைபடங்களில் வாவிக்கரை நடைபாதைக்குக் கிடைக்கும் இடம் மஹியாவவுக்குக் கிடைப்பதில்லை. சுற்றுலாப் பயணி நடக்கும் வழி வேறு, பெருக்குபவர் வீடு திரும்பும் வழி வேறு.

இனி, 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தைப் பார்ப்போம். பெயரைக் கேட்டால் அதிகாரம் ஊர்களுக்குப் பரவிற்று என்று தோன்றும். நடந்ததென்ன? தேர்தல் தொகுதிக்கென ஒதுக்கிய பணத்தை எங்கே இடுவதென்று பாராளுமன்ற உறுப்பினர் கைகாட்டும் முறையே வேர்பிடித்தது. இருபது யார் கொங்கிறீட் பாதைக்கு ஓர் ஆள் உயரப் பெயர்ப்பலகை! பாதை உடைந்தபின்னும் பலகை நிற்கும். மலையகத்தில் இந்தக் கலை இன்னும் வளர்ந்தது. கூரைத்தகரம், தண்ணீர்த்தாங்கி, கோயிலுக்கு மணி. ஒவ்வொன்றிலும் ஒரு தலைவரின் சிரித்த முகம். சங்கத்துக்குச் சந்தா கட்டியவருக்கே அவர் கட்டிய வரியிலிருந்து தகரம் கொடுத்து, அதற்கு மாலையும் வாங்கிக்கொள்ளும் திறமை உலகில் வேறெங்கும் உண்டோ அறியோம். மாலை கட்டிக் கொடுத்தோரில் ஆசிரியர்களும் இருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புகின்றோம். வரவேற்புப் பாடலை எழுதியவரும் எம்மவரே.

தோட்டம் தனியார் உடைமை, அங்கே பொதுப்பணம் எப்படிச் செல்லும் என்று சட்டம் படித்த நண்பர்கள் இன்றும் கேட்கின்றார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் அந்நிலங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமையே கம்பனிகளின் கைக்கு மாறியது. பின்னர் நீண்டகாலக் குத்தகை வந்தது. கண்டி மாவட்டத்திலோ அரச நிறுவனங்களே நேராக நடத்தும் தோட்டங்கள் பல. அரசின் நிலத்தில், அரசின் பிரசைகள் வாழும் இடத்துக்கு அரசின் பணம் செல்லக்கூடாதென்பது எந்த நியாயம்?

பணமில்லை என்பது அடுத்த வாதம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தபோது தேர்தல் நடத்தவே பணமில்லை என்று திறைசேரி கைவிரித்தது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தேர்தல் 2025 மே 6ஆந் திகதியே நடந்தது. அதுவரை ஈராண்டுகளுக்கு மேலாகச் சபைகளை அதிகாரிகளே நடத்தினர். மத்திய மாகாண சபைக்கோ 2013இல் நடந்த தேர்தலின்பின் தேர்தலே இல்லை. பணமில்லாமையால் சபை ஒடுங்கவில்லை. சபை ஒடுங்கினால் கேட்பார் இல்லையென்பது கொழும்புக்கு நன்றாகத் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் கண்டி மாவட்டத்தின் மலைகள் சரிந்து வீடுகளை மூடியபோது, எந்த மலைச்சரிவில் எந்த லயம் இருக்கின்றதென்று அறிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். பணமும் கட்டளையும் தலைநகரத்தில் இருந்தன.

எமது இடதுசாரித் தோழர்களுடனும் ஒரு வழக்கு உண்டு. கானும் பாலமும் சீர்திருத்தவாதம், ஆட்சி மாறும்போது அவை தாமே வரும் என்று சிலர் சொல்கின்றார்கள். 1996இல் கேரளத்தில் இடதுசாரி அரசு மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளூராட்சி அமைப்புகளுக்கு ஒதுக்கி, கிராம சபைகளைக் கூட்டி, எதற்குச் செலவிடுவதென்று மக்களையே பேசவைத்தது. ஆசிரியர்களும் சாஸ்திர சாகித்ய பரிஷத்தினரும் ஊரூராகச் சென்று கணக்கு விளக்கினார்கள். குறைகள் அங்கும் இருந்தன. ஆயினும் அங்கே ஓர் ஆசிரியர் வரவு செலவுக் கணக்கை வாசித்த நேரத்தில், இங்கே நாம் 'தாழ்மையுடன்' என்ற சொல்லை ஆயிரமாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தோம்.

33ஆம் பிரிவு திருத்தப்பட்ட 2018இன் பின்னர், ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் உள்ள தோட்டங்களுக்குச் சொந்த வருமானத்திலிருந்து செலவிட்ட தொகை எவ்வளவு? ஆண்டுவாரியாக, தோட்டவாரியாக. மஹியாவக் குடியிருப்புக்கு மாநகர சபை செலவிட்டது எவ்வளவு? இதைக் கேட்க அமைச்சரின் தயவு வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு தாளில் விண்ணப்பித்தால் போதும்; தருவதா இல்லையா என்ற முடிவைச் சபை 14 வேலை நாள்களுக்குள் சொல்லவேண்டும். பாலத்துக்காக மீண்டும் வந்த நால்வருக்கும் இம்முறை நாம் எழுதிக் கொடுத்தது அந்த விண்ணப்பத்தையே. கையெழுத்திடும்போது ஒருவர் கேட்டார்: 'இதில் கும்பிடு போடலையா சேர்?' இல்லை என்றோம். தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலை ஏறினார்.