புதிய முழங்காலும் பழைய சாய்மனைக் கதிரையும்

வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் கதிரையின் கைபிடிகளை இறுகப் பற்றி, முகத்தைச் சுளித்து, "முருகா" என்று முனகியபடி எழுந்து நிற்கும் காட்சியைக் காணாத குடும்பங்கள் நம்மிடையே மிகச் சிலவே. முழங்கால் வாதம் முற்றியவர்களுக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சை இன்று நமது நாட்டிலும் நடைபெற்று வருகின்றது. அச்சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை எவ்வாறு பேணவேண்டும் என்பதைப் பற்றியே இவ்வாரம் சிறிது பேச விரும்புகின்றோம்.

நமது அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வசிக்கின்றார். சென்ற ஆண்டு தை மாதத்தில் அவருக்கு வலது முழங்காலில் இச்சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஆறு வாரங்கள் கழித்து நாம் பார்க்கச் சென்றபோது, சாய்மனைக் கதிரையிலே முழங்காலின் கீழ் தலையணையை அணைத்து வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். தண்ணீர் எடுக்க எழ முயன்றதுதான் தாமதம், உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தார். "அம்மா, நீங்கள் எழும்பாதேங்கோ, நான் கொண்டுவந்து தாறன்" என்றார். அந்த அன்பைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். அடுத்த வாரம் வைத்தியர் பரிசோதித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கால் முழுவதும் நீளவுமில்லை. 70 பாகைக்கு மேல் மடியவுமில்லை. இந்நிலை நீடித்தால் மயக்கமருந்து கொடுத்துக் காலை மடக்க நேரிடும் என்று அவர் எச்சரித்தார்.

சத்திரசிகிச்சையில் பிழையேதும் இல்லை. பிழை தலையணையிலும் கதிரையிலுமே இருந்தது.

முழங்கால் மூட்டில் எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்து போவதே இவ்வாதத்தின் முக்கிய இயல்பு. வைத்திய நிபுணர் தேய்ந்த முனைகளை மெல்லியதாகச் சீவி நீக்கி, தொடையெலும்பின் முனைக்கு உலோகக் கவசமும், கீழ்க்கால் எலும்பின்மேல் உலோகத் தட்டும் பொருத்தி, இரண்டுக்குமிடையே உறுதியான பிளாஸ்டிக் துண்டொன்றை வைக்கின்றார். இன்று வழங்கும் மூட்டுகளுக்கு முன்னோடியான வடிவம் 1974 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய மூட்டுகளில் 100க்கு ஏறக்குறைய 82, 25 ஆண்டுகள் நிலைத்திருப்பதாக 2019 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

ஆனால், மாற்றப்படுவது மூட்டு மாத்திரமே. அதை இயக்கும் தொடைத் தசை பழையதுதான். வலிக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் நடவாதிருந்தமையால் முன்னரே மெலிந்த அத்தசை, சத்திரசிகிச்சையின் பின் மேலும் வலுவிழக்கின்றது. அசையாத மூட்டைச் சுற்றி வடுத் திசு இறுகிக்கொள்கின்றது. சமதரையில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 70 பாகையும், படியிறங்கவும் கதிரையிலிருந்து எழவும் 90 பாகையளவும் மடியவேண்டும். அந்த மடிப்பை முதல் சில வாரங்களில் தேடிக்கொள்வது எளிது, பிந்தினால் கடினம்.

ஆகவேதான் சத்திரசிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கச் செய்கின்றனர். வீட்டிலே செய்யவேண்டிய அப்பியாசங்களும் எளியவையே. காலை நீட்டி, முழங்காலின் பின்புறம் மெத்தையை அழுத்தும்படி தொடைத் தசையை 5 விநாடி இறுக்கித் தளர்த்துதல். குதிக்காலை மெத்தையின்மீது மெல்ல இழுத்து முழங்காலை மடக்குதல். பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். இவற்றை இயன்மருத்துவர் காட்டியவாறு நாளுக்குப் பலமுறை செய்யவேண்டும். வைத்தியர் தந்த வலிமாத்திரையை அரைமணி நேரம் முன்னதாக உட்கொண்டால் அப்பியாசம் இலகுவாகும். தலையணையை முழங்காலின் கீழ் வைத்தல் ஆகாது. குதிக்காலின் கீழ் வைத்தால் கால் நேராகும். ஊன்றுகோலைச் சிகிச்சை பெற்ற காலுக்கு எதிர்ப்புறக் கையிலே பிடிக்கவேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது சிகிச்சை பெற்ற கால் முதலில்.

அப்பியாசத்தின்போது இழுப்பும் வலியும், பின்னர் சிறிது வீக்கமும் உண்டாதல் இயல்பு. துணியிற் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தால் அது தணியும். ஆனால் கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும், காய்ச்சல், காயத்திலிருந்து சீழ் வடிதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே வைத்தியரை நாடவேண்டும். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ ஏற்படின் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரையவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் மிக அவசியம்.

இனி நம் ஆசிரியையின் கதைக்கு வருவோம். வைத்தியரின் எச்சரிக்கையைக் கேட்ட மகள் அன்றிரவு கண்ணீர் விட்டாராம். மறுநாள் முதல் அவர் தாயாருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை. குவளையைக் குசினியிலேயே வைத்துவிட்டு, தாயார் நடந்து வரும்வரை அருகில் நின்றார். அப்பியாச வேளையில் தாயார் வலியால் கடிந்து பேசிய நாட்களும் உண்டு. "பேசுங்கோ அம்மா, ஆனால் காலை மடக்குங்கோ" என்பதே மகளின் பதில். மூன்றாம் மாதம் 95 பாகை. ஐந்தாம் மாதம் 105. ஆவணியில் நல்லூர்த் தேரன்று, ஊன்றுகோலுடன் வீதியிலே நின்று தேரைத் தரிசித்தார்.

எல்லாம் முன்போலாயிற்று என்று சொல்வதற்கில்லை. மணலில் உட்கார அவரால் இயலாது. சிறிய மடக்குக் கதிரையொன்றை மகள் கொண்டு சென்றார். குந்தியிருத்தலும் முழந்தாளிடுதலும் பலருக்குத் திரும்புவதில்லை. வீக்கமும் விறைப்பும் முற்றாக அடங்க ஓராண்டும் செல்லலாம். இவற்றை முன்னரே அறிந்திருப்பவர் மனந்தளரமாட்டார்.

வீட்டில் இத்தகைய மூத்தவர் ஒருவர் இருப்பின், பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, அவருடைய வேலைகளையெல்லாம் நீங்களே செய்துவிடாதீர்கள். வழுக்கும் பாயை அகற்றுங்கள்; குளியலறையில் கைபிடி பூட்டுங்கள்; மாலையில் கூடவே படலைவரை நடந்து செல்லுங்கள். அவர் தாமே எழட்டும். நீங்கள் அருகில் நின்றால் போதும்.