ஜெயித்தவர் இல்லாத ஆட்டம்

சீட்டுக்கட்டை எடுத்தாலே முகம் சுளிக்கிற வீடுகள் நம்மிடம் அதிகம். சொத்தைத் தொலைத்த பெரியப்பா, விடிய விடிய ஆடிவிட்டு வந்து வாசலில் நின்ற மாமா, போலீஸ் புகுந்த மனமகிழ் மன்றம் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு கதை இருக்கும். அந்தக் கதைகளில் வருவது ரம்மியாக இருக்கும், இல்லாவிட்டால் மூணு சீட்டாக இருக்கும். கழுதை ஆடி வீட்டை இழந்தவர் என்று யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை. காரணம் அந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் ஜெயித்தவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தோற்றவர் மட்டும்தான் உண்டு.

ஆடியறியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜோக்கர்களை எடுத்து வைத்துவிட்டு 52 சீட்டையும் எல்லோருக்கும் பகிர்ந்து போட வேண்டும். இஸ்பேட் ஆஸ் யாரிடம் வந்ததோ அவர் அதை இறக்கி ஆட்டத்தைத் தொடங்குவார். மற்றவர்களும் இஸ்பேட்தான் போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் ஓரமாகப் போய்விடும். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். இறங்கிய இனம் ஒருவரிடம் இல்லையென்றால் அவர் வேறு எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்த கணமே சுற்று நின்றுவிடும். அதுவரை அந்த இனத்தில் பெரிய சீட்டுப் போட்டவர் கீழே கிடப்பதை மொத்தமாக அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானவர் தப்பித்தார். கடைசிவரை கையில் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை. வீட்டுக்கு வீடு சட்டம் கொஞ்சம் மாறும், கழுதை மாறாது.

போன ஐப்பசியில் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த களைப்பில், வண்டி ஓட்டிய மச்சான் செம்மேட்டில் அறை கிடைத்ததும் சாய்ந்துவிட்டார். அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையைப் பார்ப்பதாகத் திட்டம். விட்டு விட்டுப் பெய்த மழை திட்டத்தைக் கலைத்தது. கரண்டும் போனது. செல்போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அம்மா தன் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். அம்மா, நான், அக்காவின் மகன், மகள் என்று நாலு கை. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு.

மருமகன் பெரிய சீட்டுகளையெல்லாம் பத்திரமாகப் பின்னால் ஒதுக்கி வைத்திருந்தான். கிளாவர் இரண்டு சுற்று போய்விட்டது. மூன்றாம் சுற்றில் தங்கை ஐந்தைப் போட, அவன் வெற்றிச் சிரிப்போடு ராஜாவை இறக்கினான். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆட்டின் ஆஸைப் போட்டு வெட்டினார்.

“அம்மாயி, உங்ககிட்ட கிளாவரே இல்லையா? அழுகுணி ஆட்டம் ஆடாதீங்க.”

“இருந்தா போடமாட்டனா கண்ணு? அள்ளிக்கோ.”

“பெரிய சீட்டு வச்சிருந்தா ஜெயிக்கணும்ல?”

“அது வேற ஆட்டம் சாமி. இதுல பெரிசு கையில இருக்கற வரைக்கும் பயந்தான்.”

ஆட்டத்தின் கணக்கு முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. ஓர் இனத்தில் 13 சீட்டு. நாலு பேர் போட்டால் ஒரு சுற்றுக்கு நாலு போய்விடும். மூன்று சுற்று முழுதாக ஓடினால் மிச்சம் ஒன்றே ஒன்று. நான்காம் சுற்றில் வெட்டு நிச்சயம். உண்மையில் மூன்றாம் சுற்றுக்கே உத்தரவாதம் கிடையாது. ஆகவே ஆஸையும் ராஜாவையும் முதல் சுற்றுகளிலேயே தள்ளிவிட வேண்டும். இரண்டும் மூன்றும்தான் கடைசிக் காலத்துக்கு உதவும். வெட்ட வாய்ப்புக் கிடைத்தால், கையிலிருப்பதில் மிக ஆபத்தான சீட்டைக் கழித்துவிட வேண்டும். அம்மா ஆட்டின் ஆஸை இறக்கியது அதனால்தான். இன்னொரு கொடுமையும் உண்டு. அள்ளியவர் கையில் இறங்கிய இனமும் வெட்டிய சீட்டும் சேர்ந்துவிடும். அவரால் எளிதில் வெட்ட முடியாது. ஒருமுறை அள்ளியவர் மறுபடி மறுபடி அள்ளுவது இப்படித்தான்.

நாங்கள் இருந்த செம்மேட்டில்தான் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகச் சங்கப் புலவர் வன்பரணர் பாடியது அவனைத்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துத் தீர்த்தால்தான் கரையேற முடியும் என்ற ஆட்டத்தை அவன் மலையில் ஆடுவது பொருத்தம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். “அவன் நல்லதைக் கொடுத்தான், நாம வேண்டாததைத் தள்ளிவிடறோம்” என்றார். மறுக்க முடியவில்லை.

கழுதைக்கு உலகமெங்கும் உறவுகள் உண்டு. பஞ்சாபிலும் பாகிஸ்தானிலும் இதே ஆட்டத்தை ‘பாபி’ என்று ஆடுகிறார்கள். அங்கே கடைசியில் மாட்டிக்கொள்பவர் அண்ணியாகிவிடுகிறார். ரஷ்யர்களின் ‘துராக்’ 36 சீட்டில் ஆடுவது. விதிகள் வேறு, ஆனால் கடைசியில் சீட்டோடு நிற்பவருக்கு முட்டாள் பட்டம் என்பதில் நம் சாயல்தான். குழந்தைகள் இன்று கேட்டு வாங்கும் ‘ஊனோ’வும் கையைக் காலி செய்கிற ஆட்டமே. அமெரிக்காவின் ஒஹையோவில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் 1971இல் அதை உருவாக்கினார். ஆனால் அதில் முதலில் முடித்தவர் ஜெயித்தவர். கழுதையில் முதலில் முடித்தவருக்குக் கிடைப்பது எழுந்து போய் டீ குடிக்கும் சுதந்திரம் மட்டும்தான்.

பணம் இந்த ஆட்டத்தை எட்டிப் பார்க்காததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஜெயித்தவர் ஒருவர் இருந்தால்தானே நடுவில் குவிந்ததை அவர் வாரிக்கொண்டு போக முடியும்? ரம்மியின் கதை வேறு. பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம்தான் அது என்று 1967இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஆட்டம் செல்போனுக்குள் புகுந்தபின் கடனும் தற்கொலையும் செய்தியாயின. இதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் தமிழக அரசு குழு அமைத்தது. அதன்பின் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்து கொண்டுவந்த தமிழகச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில்தான் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றமே நிறைவேற்றியது. இத்தனை வழக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே கழுதையின் பெயர் எங்கும் அடிபடவில்லை.

கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு. பரீட்சையில் தொடங்கி எல்லாவற்றிலும் முதலில் வந்தவரைக் கொண்டாடியே பிள்ளைகளை வளர்க்கிறோம். கடைசியாக வருவதைச் சிரித்துக்கொண்டே ஏற்க எங்கே பழக்குகிறோம்? இங்கே தோற்றவருக்குத் தண்டனை, சீட்டைக் கலைத்து அடுத்த ஆட்டத்துக்குப் போடுவது. கலைத்துப் போட்டவுடன் பழைய கழுதைக்கும் எல்லோரையும் போலப் பதிமூன்று சீட்டு. பட்டத்தின் ஆயுள் அவ்வளவுதான். பாட்டியும் பேத்தியும் சமமாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் தயங்காமல் வெட்டிக்கொள்ள இதைவிட நல்ல இடம் குடும்பத்தில் இல்லை.

அடுத்த முறை கொல்லிமலைக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ குடும்பத்தோடு கிளம்பினால் பையில் ஒரு சீட்டுக்கட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கோபித்தால் கழுதை ஆடத்தான் என்று சொல்லுங்கள். ஒரு கை குறைகிறது என்று அவர்களையும் கூப்பிடுங்கள்.