கம்பெனி செட்டிங் கடவுள் வாக்கு அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி சாமளாபுரம் வந்தவள் என்னையும் பார்க்க வந்தாள். மரபணு ஆராய்ச்சி செய்கிறாள். மைக்ரோஅரே என்று ஒரு கண்ணாடித் தகடு. அதில் ஆயிரக்கணக்கான பொட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மரபணுவுக்கு. ஒளிரும் சாயம் ஏற்றி ஸ்கேன் செய்தால், எந்தப் பொட்டு எவ்வளவு மின்னுகிறது என்று மென்பொருள் கணக்கிடும்.

"பொட்டைச் சுற்றிப் போடும் வட்டம் எவ்வளவு பெரிசு, பின்னணி வெளிச்சத்தை எப்படிக் கழிப்பது, சராசரியா இடைநிலையா, இதையெல்லாம் யாரு கண்ணு முடிவு பண்ணினது?" என்றேன்.

"அதுலயே வந்த செட்டிங்தான் சார்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மரபணு கூடியதா குறைந்ததா என்ற முடிவே அந்த வட்டத்தால் மாறிப்போகலாம்.

நம்ம ஊர் சாயப்பட்டறை மாஸ்டரைக் கேளுங்கள். உப்பு, சோடா, சூடு, நேரம் நாலும் சேர்ந்துதான் ஷேடு. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால், இரண்டு சேரும்போது என்ன ஆகும் என்பது தெரியாமலே போகும். சோதனைக்கே திட்டம் வேண்டும் என்று ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் புத்தகமே எழுதினார். நாலு காரணி, மும்மூன்று அளவு என்றால் 81 சோதனை. நம் நாட்டு சி.ஆர். ராவ் 1940-களில் வகுத்த ஆர்த்தகனல் அரே முறையில், 9 சோதனையிலேயே ஒவ்வொன்றின் தனி விளைவையும் மதிப்பிடலாம். சேர்ந்து செய்யும் விளைவைப் பிரித்தறியத்தான் கூடுதல் சோதனை வேண்டும்.

மாணவிக்கோ மூன்றே செட்டிங். இரண்டிரண்டு அளவு வைத்தால் 2×2×2 = 8. சாயத்தில் துணி வீணாகும். இங்கே ஒரே படத்தை எட்டுத் தடவை ஓட்டினால் போதும். ஒரே மரபணுவைத் தகட்டில் பல இடங்களில் பொட்டிட்டிருந்தால், அவை ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். வேறுபட வேண்டியவை வேறுபடவும் வேண்டும். இரண்டும் எதில் நன்றாக அமைகிறதோ, அதுவே நல்ல செட்டிங்.

"வேண்டிய முடிவு வரும்வரை மாற்றிக்கொண்டே இருப்பதும் இதுதானே?" என்று கேட்பீர்கள். இல்லை. எது நல்லது என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். சாயம் போட்ட துணிக்குத் தக்கபடி பையர் கொடுத்த சாம்பிளை மாற்றினால் அது மோசடி.

இதில் என் தப்பும் உண்டு. ஆய்வகத்தில் "செய்முறைப்படி செய்" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். "ஏன் இந்த அளவு?" என்று கேட்கப் பழக்கவில்லை.

பனியன் கம்பெனியில் துணி சோதிக்கும் கேமரா வைத்திருப்பவர்களே, உங்கள் மெஷினில் அந்த அளவை யார் வைத்தது? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். நல்லா இருங்க சாமிகளா.

உங்கள் வாத்தியார்