மேல்மாடிக்கு எட்டாத சட்டம்

சிலாங்கூரின் கம்போங் மேடான் அடுக்குமாடிகளில் மேல்மாடியில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவு ஒன்பது மணியானாலும் சூடு இறங்காது. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கூரையும் மேற்குச் சுவரும் இரவில் வீட்டுக்குள் கக்கும். வசதி உள்ளவர் ஏர்கோனைத் தட்டிவிடுகிறார். தீபகற்ப மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும் தருவது. கிள்ளானை அடுத்த காப்பார் நிலையத்திலும் நிலக்கரிதான் எரிகிறது. ஆக, மேல்மாடிப் புழுக்கம் அங்கே கரியமில வாயுவாக வெளியேறுகிறது.

கட்டடத்தை வைத்தே மின்சாரத்தைக் குறைக்கும் வித்தை நம் அரசுக்குத் தெரியாததல்ல. புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் 2010-இல் எழுந்தது. தலைகீழ்ப் பிரமிடு போன்ற அதன் வடிவம் வெறும் அழகுக்கானதல்ல. மேல்தளம் கீழ்த்தளத்துக்கு நிழல் தருகிறது. வழக்கமான அலுவலகம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 யூனிட்டுக்கு மேல் விழுங்க, இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறது. எரிசக்திச் சிக்கனத்துக்கான 2024-ஆம் ஆண்டுச் சட்டமும் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்கள் எரிசக்தி முத்திரை பெற்றாக வேண்டும். பெரிய தீனிக்காரர்களை முதலில் பிடித்தது சரிதான்.

குடியிருப்பு என்று வரும்போதுதான் அரசின் பார்வை கட்டடத்தை விட்டுக் கடைப் பொருளுக்குத் தாவிவிடுகிறது. சிக்கனமான ஏர்கோனோ குளிர்பெட்டியோ வாங்கினால் அரசின் ‘சேவ்’ திட்டத்தில் கழிவு கிடைத்தது. ஆனால் கழிவு போக மீதிப் பணத்தை யார் தருவது? பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் 2011 முதல் பசுமை வீடுகளுக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு தருகிறது. அதுவும் உரிமையாளர் தன் வீட்டில் செய்ததற்குத்தான்.

அடுக்குமாடியின் கூரை யாருடையது? 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அது பொதுச் சொத்து. மேல்மாடிக்காரர் சொந்தச் செலவில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்க நினைத்தாலும் நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். பராமரிப்புக் கட்டண பாக்கி குவிந்த குழுவுக்கு லிஃப்டைப் பழுது பார்க்கவே பணம் இருக்காது. கூரைச் சூட்டை அறியாத இரண்டாம் மாடிக்காரர் கூட்டத்தில் இதற்குக் கை தூக்குவாரா? புதுக் கட்டடங்களின் கூரைக்கு வெப்பக் காப்பு வேண்டும் என்று கட்டட விதி சொல்கிறது; விதிக்கு முந்தி எழுந்த மலிவு விலை வீடுகளுக்கு அதனால் பயனில்லை.

தெலுங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தபோது, அரசு ஏழைகளுக்குக் கட்டித்தரும் வீடுகளையும் அதில் சேர்த்தது. சிலாங்கூருக்குப் புதுத் திட்டம்கூட வேண்டாம். மலிவு விலை அடுக்குமாடிகளுக்குச் சாயம் பூசவும் லிஃப்ட் பழுது பார்க்கவும் மாநில அரசின் ஸ்கிம் செரியா என்ற திட்டம் இருக்கிறது. சுவருக்குச் சாரம் கட்டும்போதே கூரைக்கும் வெயிலைத் திருப்பும் பூச்சு அடிக்கலாம். நம் மழைக்குப் பாசி படியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழுவிப் பூச வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். சுவரின் புது நிறம் தேர்தல் நேரத்தில் கண்ணில் படும், கூரை படாது. அதனால்தானோ என்னவோ, கூரையை யாரும் பேசுவதில்லை.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஸ்கிம் செரியாவுக்குள் கூரைக்கென்று ஒரு தொகையை மாநில அரசு தனியே ஒதுக்கட்டும். முதல் கூரை கம்போங் மேடானில் இருக்கட்டும்.