நகையை அடகு வைக்கும் முன்...

திருப்பூரில் என் சித்தி மகன் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறான். சென்ற மாதம் போயிருந்தபோது வீட்டில் யார் முகத்திலும் களை இல்லை. டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் 6,500 பீஸ் பாக்கி. கெடுவுக்கு 13 வேலை நாள்தான். தவறினால் கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்தக் கூடுதல் செலவு இவன் பில்லில் கழியும்.

"மெஷின் பத்தலீங்க்கா. இன்னும் ரெண்டு ஓவர்லாக் போட்டுட்டா சமாளிச்சுருவேன்" என்றான். அதற்காக மனைவியின் நகை அடகுக்குப் போக இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை.

இருபது வருஷம் உற்பத்திப் பிரிவில் குப்பை கொட்டியவள் நான். கம்பெனியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கட்டிங் மேஜையில் வேலை சூடுபறக்க நடந்தது. ஓவர்லாக்கிலும் அப்படியே. ஆனால் கை, அடி மடித்துத் தைக்கும் இரண்டு பேட்லாக் மெஷின்களுக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்குப் பண்டல்கள். அதைத் தாண்டினால் செக்கிங் பெண்கள் துணி வராமல் உட்கார்ந்திருந்தார்கள். அயர்ன்காரர் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடைப்பு பேட்லாக்கில். ஓவர்லாக் வாங்கினால் அந்தக் குவியல்தான் உயரும். வீட்டில் முறுக்கு போட்டு விற்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாணலி ஒன்றே ஒன்று இருக்க, பிழிவதற்கு இன்னொரு ஆள் வைத்து என்ன பயன்?

கோல்ட்ராட் என்ற இஸ்ரேலிய இயற்பியலாளர் 1984-ல் 'தி கோல்' என்று ஒரு நாவலே எழுதினார், தொழிற்சாலை நெருக்கடியை வைத்து. அதில் சாரணச் சிறுவர்கள் வரிசையாக நடக்கிறார்கள். ஒருவன் மெதுவாக நடப்பதால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. அவனை முன்னால் விட்டு, அவன் பையிலிருந்த சுமையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டதும் மொத்தக் கூட்டமும் வேகமாக நகர்கிறது.

தம்பியிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கச் சொன்னேன். பேட்லாக் எப்போது நின்றாலும் நேரமும் காரணமும் எழுதவேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாளில் தெரிந்துவிட்டது: எட்டு மணி நேர ஷிப்ட்டில் ஒவ்வொரு மெஷினும் ஓடியது ஐந்தரை மணி நேரம். மணிக்கு 40 பீஸ் என்றால் இரண்டிலுமாக 440. இந்த வேகத்தில் 15 நாள் ஆகும்.

மிச்ச நேரம் எங்கே போனது? டெய்லரே எழுந்துபோய்ப் பண்டல் தூக்கி வந்தார். நேவி, வெள்ளை, மறுபடி நேவி என்று வந்ததால் ஓயாமல் நூல் கோன் மாற்றினார். ஓவர்லாக்கில் பிசகிய பீஸ்களையும் தைத்துவிட்டுப் பிறகு பிரித்தார்.

சும்மா இருந்த செக்கிங் பெண்களில் ஒருவர் பண்டல் எடுத்துக் கொடுக்க வந்தார். இன்னொருவர் பேட்லாக்குக்கு முன்பே பழுதான பீஸைப் பொறுக்கினார். ஒரு நிறம் முடிந்தபின்தான் அடுத்த நிறம். டெய்லர்களை வேகமாகத் தைக்கச் சொல்லவே இல்லை; அவர்கள் டீ நேரத்திலும் கை வைக்கவில்லை. கஷ்டமாக இருந்தது கட்டிங் மாஸ்டரிடம்தான். பேட்லாக் ஒரு நாளில் தைக்கிற அளவுக்கு மட்டும் வெட்டுங்கள் என்றதும், "வெட்டறவன வெட்டாதேன்னா எப்புடீங்க?" என்று கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

மெஷின் ஏழு மணி நேரம் ஓடியது. நாளைக்கு 560 பீஸ், கணக்குப்படி 12 நாள். அப்படியும் பற்றாமல் போயிருந்தால் கடன் வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஓவர்லாக்குக்கு அல்ல, பேட்லாக்குக்கு. நடுவில் ஒரு மெஷின் பழுதாகி அரை நாள் போனது. 13-ம் நாள் சாயங்காலம் கடைசிப் பெட்டி வண்டி ஏறியது.

நகை பீரோவிலேயே இருக்கிறது. போன வாரம் தம்பி போன் செய்தான். "அக்கா, இப்ப அயர்ன் டேபிள்ல குவியுதுங்க்கா."

நோட்டில் இன்னும் பக்கம் பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன்.